புள்ளி சிறிது, பொருள் பெரிது



ஒரு தோட்டத்தின் பெரட்டுக் களத்தில் அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் ஒருநாள் மாலை பின்வரும் வரி எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

நாளை விடுமுறை இல்லை வேலை உண்டு விருந்து இல்லை கவலை

இளைஞர் ஒருவர் அதைப் படித்தார். அவர் கண்ணுக்கு அது இவ்வாறு தோன்றியது: "நாளை விடுமுறை, இல்லை வேலை, உண்டு விருந்து, இல்லை கவலை." மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனார், இரவு நெடுநேரம் கதை பேசினார், மறுநாள் வெயில் முகத்தில் படும்வரை உறங்கினார்.

அடுத்த வீட்டுப் பெரியவரும் அதே வரியைப் படித்தார். அவர் படித்தது இவ்வாறு: "நாளை விடுமுறை இல்லை, வேலை உண்டு, விருந்து இல்லை, கவலை!" அவர் பெருமூச்சு விட்டபடி உளியைத் தீட்டி வைத்தார், விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்றார்.

இருவரும் படித்தவை அதே எட்டுச் சொற்கள்தாம். ஒரு சொல் கூடவுமில்லை. ஒரு சொல் குறையவுமில்லை. ஒருவருக்குக் கிடைத்தது விருந்து. மற்றவருக்குக் கிடைத்தது வேலை. இவர்களுள் யார் பிழை செய்தார்? இருவருமே இல்லை. பலகையில் எழுதியவரே பிழை செய்தார். சொற்களை வைத்தவர், அவற்றை எங்கே நிறுத்திப் படிக்க வேண்டும் என்பதைக் காட்டாமல் போய்விட்டார். அவ்வாறு காட்டுவதற்கென்றே நிறுத்தற்குறிகள் இருக்கின்றன. இந்த மாதம் அவற்றைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

பேச்சும் எழுத்தும்

நாம் நேரில் பேசும்போது நிறுத்தற்குறி தேவைப்படுவதில்லை. குரல் ஏறுகிறது, இறங்குகிறது, மூச்சு வாங்க இடையே நிற்கிறோம், புருவத்தை உயர்த்துகிறோம், கையை விரிக்கிறோம். கேட்பவருக்கு ஐயம் தோன்றினால், "என்ன சொன்னீர்கள்?" என்று உடனே கேட்டுவிடுவார்.

எழுத்துக்கு அந்த வசதி இல்லை. கடிதத்தை எழுதியவர் தோட்டத்தில் இருக்கிறார். படிப்பவர் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். எழுதியவரின் குரலும் முகமும் அவருக்குத் தெரியா. அவர் முன்னால் இருப்பது காகிதம் ஒன்றே. அந்தக் காகிதத்தில் நம் குரலுக்குப் பதிலாகவும் மூச்சுக்குப் பதிலாகவும் நிற்பவையே இந்தச் சிறு குறிகள்.

பழைய ஏட்டில் இவை இருந்தனவா?

நம் முன்னோர் பனையோலையில் எழுதியபோது இன்று நாம் காணும் காற்புள்ளியும் வினாக்குறியும் இல்லை. சொற்களுக்கு இடையே இடம் விடும் வழக்கமும் இல்லை. எழுத்துகள் தொடர்வண்டிப் பெட்டிகளைப் போல் ஒன்றையொன்று தொட்டு ஓடின. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் கூறினும், ஓலையில் எழுதுவோர் அதையும் பெரும்பாலும் இடாமல் விட்டனர். எழுத்தாணியின் கூர்மையான புள்ளி ஓலையைக் கிழித்துவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம்.

ஆயினும் அக்காலத்தில் இதனால் பெருங்குழப்பம் நேரவில்லை. பெரும்பாலான நூல்கள் செய்யுளாக இருந்தன. சீரும் அடியும் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தாமே காட்டின. ஆசிரியர் அருகிலிருந்து பாடம் சொன்னார். மேலும் தமிழில் வினாவைக் காட்ட ஆ, ஓ, ஏ என்னும் எழுத்துகள் சொல்லின் இறுதியிலேயே வந்து சேர்கின்றன. "வந்தான்" என்பது செய்தி. "வந்தானா" என்பது வினா. குறி இல்லாவிடினும் பொருள் விளங்கும்.

1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்னும் நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் அச்சுநூல்கள் பெருகின, உரைநடை வளர்ந்தது. ஆசிரியர் அருகில் இல்லாமல் தனியே அமர்ந்து படிக்கும் வாசகர்கள் தோன்றினர். அவர்களுக்கு வழிகாட்டி தேவைப்பட்டது.

இத்தாலியிலிருந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்திக் காட்டும் எழுத்து வடிவங்களைத் தந்தார். அவர் 1747-இல் மறைந்தார். அடுத்த நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இல் பிறந்த ஆறுமுக நாவலர், தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறிகளை முறையாக வழங்கச் செய்த பெருமைக்கு உரியவரானார். பீற்றர் பேர்சிவல் என்னும் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழில் பெயர்ப்பதில் துணைநின்றவர் அவர். ஆங்கில நூல்களின் அச்சு முறையை நன்கு அறிந்தவர். 1848-இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு அச்சுக்கூடமும் நிறுவினார். சிறுவர்க்கு அவர் எழுதிய பாலபாட நூல்களில் சொற்கள் பிரிந்து நின்றன. வாக்கியங்கள் முற்றுப்புள்ளியோடு முடிந்தன. 1879-இல் அவர் மறைந்தபோது தமிழ் உரைநடை புதுவடிவம் பெற்றிருந்தது.

நாவலரின் ஊர் நமக்கு அந்நியமானதன்று. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் இரயில்வே வேலைக்கும் எழுத்தர் வேலைக்கும் வந்து குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர் பலர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில், நல்லூர்க் கோயிலை நினைவூட்டுவது. அடுத்த முறை அப்பக்கம் போகும்போது, நாவலர் நமக்கு வழங்கிய காற்புள்ளியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

கால், அரை, முக்கால், முழுமை

நிறுத்தற்குறிகளுக்குத் தமிழில் அமைந்த பெயர்கள் மிக அழகானவை. அரிசி அளக்கும் படியைப் போலவே காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று வரிசையாக அமைந்துள்ளன. பெயரே அளவைச் சொல்லிவிடுகிறது. காற்புள்ளியில் ஒரு மாத்திரை நேரமும், அரைப்புள்ளியில் இரண்டும், முக்காற்புள்ளியில் மூன்றும், முற்றுப்புள்ளியில் நான்கும் நிறுத்திப் படிக்க வேண்டும் என்பது ஆசிரியர்கள் சொல்லிவந்த கணக்கு. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம். மாத்திரைக் கணக்கைக் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. எது சிறிய நிறுத்தம், எது பெரிய நிறுத்தம் என்று தெரிந்தால் போதும்.

இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

காற்புள்ளி (,)

அடுக்கி வரும் பெயர்களைப் பிரிப்பது இதன் முதல் வேலை. கிள்ளானுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து, பிரிக்பீல்ட்சில் நடக்கவிருக்கும் திருமணத்துக்கு உறவினர் வருகிறார்கள். பெண் வீட்டாருக்கு வந்த கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறது:

பெரியப்பா மகன் ராமு மாமா மகள் இலட்சுமி வருகிறார்கள்

எத்தனை இலை போட வேண்டும்? வீட்டில் வாதம் தொடங்கியது.

"இரண்டு பேர்," என்றார் தந்தை. "பெரியப்பா மகன் ராமு, மாமா மகள் இலட்சுமி."

"நான்கு பேர்," என்றார் தாய். "பெரியப்பா, மகன், ராமு மாமா, மகள் இலட்சுமி."

"ஆறு பேர்," என்றார் சமையற்காரர். "பெரியப்பா, மகன், ராமு, மாமா, மகள், இலட்சுமி." அவருக்குச் சோறு மீந்தாலும் கவலையில்லை, குறையக் கூடாது.

ஒரே ஒரு காற்புள்ளி சரியான இடத்தில் இருந்திருந்தால் இந்த வாதமே இல்லை. காற்புள்ளி போட மனமில்லாதவருக்குத் தமிழ் வேறொரு வழியும் தந்திருக்கிறது. "பெரியப்பா மகன் ராமுவும் மாமா மகள் இலட்சுமியும் வருகிறார்கள்" என்று எழுதினால் "உம்" என்பதே பிரித்துக் காட்டிவிடும். அவ்வாறு "உம்" வரும் இடத்தில் காற்புள்ளி தேவையில்லை. இரண்டையும் சேர்த்து இடுவது, குடை பிடித்துக்கொண்டு மழைச் சட்டையும் போடுவது போன்றதாகும்.

ஒருவரை விளித்து எழுதும்போதும் விளிக்குப் பின் காற்புள்ளி வேண்டும். விடுப்புக் கேட்டு அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாறு தொடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள்:

ஐயா என் மனைவி. நேற்றிரவு முதல் காய்ச்சலால் படுத்திருக்கிறாள்.

இதைப் படிக்கும் மேலாளர் என்ன நினைப்பார்? "இவன் என் மனைவி" என்பது நகைப்புக்கு இடமாவது போலவே, "ஐயா என் மனைவி" என்பதும் அவரை வியர்க்க வைக்கும். எழுத நினைத்தது இதுவே: "ஐயா, என் மனைவி நேற்றிரவு முதல் காய்ச்சலால் படுத்திருக்கிறாள்." அவசரத்தில் ஒரு காற்புள்ளி விடுபட்டது, ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறி விழுந்தது. விடுப்பு கிடைக்கலாம், ஆனால் அந்தக் கடிதம் அலுவலகம் முழுவதும் சுற்றிவரும்.

அரைப்புள்ளி (;)

தனித்தனியே பொருள் முடிந்த வாக்கியங்கள், ஒன்றோடொன்று தொடர்புடையனவாக வரும்போது அரைப்புள்ளி அவற்றை ஒரே குடும்பமாகச் சேர்த்து வைக்கிறது.

இரவெல்லாம் மழை பெய்தது; மரப்பட்டை நனைந்தது; காலையில் பால்வெட்டு நின்றது.

மூன்றும் தனி வாக்கியங்களே. ஆயினும் ஒன்றின் காரணமாக மற்றொன்று நிகழ்ந்தது. நனைந்த பட்டையில் வெட்டினால் பால் மங்குக்குள் இறங்காமல் மரத்தில் வழிந்து வீணாகும் என்பதை நீங்கள் நம்மைவிட நன்கு அறிவீர்கள். இந்தத் தொடர்பை அரைப்புள்ளி காட்டிவிடுகிறது.

முக்காற்புள்ளி (:)

"இதோ வருகிறது" என்று கைகாட்டும் குறி இது. ஒரு பட்டியலுக்கு முன்னும், விளக்கத்துக்கு முன்னும் இதனை இடலாம்.

கொண்டுவர வேண்டியவை: அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மருத்துவர் சான்றிதழ்.

அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் "பொருள்:" என்று தொடங்கும் வரியிலும் இதுவே வருகிறது. அந்த வரியைத் தெளிவாக எழுதினால், கடிதம் உரிய மேசைக்கு விரைந்து போய்ச் சேரும்.

முற்றுப்புள்ளி (.)

வாக்கியம் முடிந்தது என்று கூறுவது இது. மனு எழுதும்போது பலரும் ஒரே வாக்கியத்தில் பிறந்த ஊர் முதல் பேரப்பிள்ளை வரை சொல்லிவிட முயல்கிறார்கள். "என்றும்", "ஆகையாலும்", "இருப்பினும்" என்று ஒரு பக்கம் முழுவதும் முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடுகிறது. படிப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு செய்தி, ஒரு வாக்கியம், ஒரு முற்றுப்புள்ளி. மனு எழுதுவோர் மனத்தில் கொள்ள வேண்டிய விதி இதுவே. ஒரு நிரையை முடித்துவிட்டு அடுத்த நிரைக்குப் போவது போல, ஒரு செய்தியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

எண்களிலும் புள்ளி வருகிறது. அங்கே அதன் வேலை இன்னும் கடுமையானது. மரத்துப் பாலில் பெரும்பகுதி நீரே. உலர்ந்த ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஒருவர் 20 கிலோ பால் கொண்டுவருகிறார். உலர்ரப்பர் அளவு 32.5 விழுக்காடு. ஆகவே அவர் கணக்கில் 6.5 கிலோ ரப்பர் சேர வேண்டும். எழுதுகிறவர் கை தவறி 3.25 என்று எழுதிவிட்டால், அது வெறும் 0.65 கிலோவாகச் சுருங்கிவிடும். புள்ளி ஓரிடம் நகர்ந்ததால் பத்தில் ஒன்பது பங்கு உழைப்பு காணாமற்போகிறது. களைக்கொல்லி கலக்கும்போதும் அப்படியே, 1.5 என்பதும் 15 என்பதும் ஒன்றல்ல.

ஆயிரத்தைக் காட்டும் காற்புள்ளியும் நினைவில் இருக்கட்டும். நம் நாட்டில் 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்தும் அதற்கு மேலும் தொழிலாளர்களைக் கொண்ட முதலாளிகளுக்கு மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்; அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் மற்ற முதலாளிகளுக்கும் இதுவே. இதில் காற்புள்ளி ஆயிரத்தைக் குறிக்கிறது. அண்டை நாடான இந்தோனேசியாவிலோ வழக்கம் தலைகீழ்; அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, பின்னத்துக்குக் காற்புள்ளி. அங்கிருந்து வந்து உடன் வேலை செய்யும் தோழர் 1.700 என்று எழுதினால் வியப்படைய வேண்டாம். அவர் சொல்வதும் ஆயிரத்து எழுநூறுதான்.

வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும்

பின்வரும் மூன்றையும் உரக்கப் படித்துப் பாருங்கள்.

சம்பளம் வந்துவிட்டது.
சம்பளம் வந்துவிட்டது?
சம்பளம் வந்துவிட்டது!

முதலாவது செய்தி. இரண்டாவதில் நம்பிக்கையின்மை தெரிகிறது. மூன்றாவதைக் கேட்டவுடன் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவருவார்கள்.

வினாக்குறி பற்றி ஒரு பிழையைப் பலரும் செய்கிறார்கள். "அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை?" என்று எழுதுகிறார்கள். இங்கே நாம் எவரையும் கேட்கவில்லை; தெரியவில்லை என்றே கூறுகிறோம். ஆகவே முற்றுப்புள்ளி போதும். "எப்போது" என்ற சொல்லைக் கண்டவுடன் வினாக்குறியை எடுத்து ஓட்டக் கூடாது.

உணர்ச்சிக்குறியோ மிளகாய் போன்றது. ஒன்று போட்டால் சுவை, ஒரு கைப்பிடி போட்டால் கண்ணீர். இன்று கைப்பேசியில் புலனத்தின் வழி வரும் செய்திகளில், "நன்றி" என்ற ஒரு சொல்லுக்குப் பின் பத்து உணர்ச்சிக்குறிகள் வரிசையாக நிற்கின்றன. எதற்கெடுத்தாலும் கூவுகிறவர், உண்மையிலேயே தீப்பிடித்தபோது கூவினால் யார் திரும்பிப் பார்ப்பார்?

மேற்கோள்குறி (" ")

இதுவரை சிரித்தோம், இனிச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம்.

வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி ஒருவர்மீது லாரி மோதிவிடுகிறது. கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார். நடந்ததை எழுதித் தரும்படி கேட்கிறார்கள். அவர் எழுதுகிறார்:

நான் பார்க்கவில்லை என்று லாரி ஓட்டுநர் சொன்னார்

பார்க்காதவர் யார்? ஓட்டுநர் தம் பிழையை ஒப்புக்கொண்டாரா? அல்லது, "நீ பார்க்காமல் வந்தாய்" என்று அடிபட்டவர்மீது பழி போட்டாரா? எழுதியவர் கருதியது முன்னது. படிப்பவர் பின்னதாகக் கொள்ளவும் இடமுண்டு. இரண்டு குறிகளை இட்டுப் பாருங்கள்:

"நான் பார்க்கவில்லை," என்று லாரி ஓட்டுநர் சொன்னார்.

ஐயம் நீங்கிவிட்டது. ஓட்டுநரின் சொற்கள் அப்படியே அவர் வாயிலிருந்து வந்தவை என்பது விளங்குகிறது. குறி இடத் தயக்கமாயின், "தாம் பார்க்கவில்லை என்று லாரி ஓட்டுநர் சொன்னார்" என்று மாற்றி எழுதலாம். "தாம்" என்ற சொல் ஓட்டுநரையே சுட்டும்.

1969-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ உதவி உண்டு. அவ்வுதவிக்கு யார் பிழை என்பது பெரிதாகக் கேட்கப்படுவதில்லை. ஆனால் காவல் நிலையப் புகாரிலும் வாகனக் காப்புறுதிக் கோரிக்கையிலும் அதுவே முதற்கேள்வி. அங்கே இரண்டு சிறு குறிகள் ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயைத் தீர்மானிக்கக் கூடும். எழுதிக் கொடுத்ததை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பின்னரே கையொப்பம் இடுங்கள்.

காற்புள்ளி இல்லாததால் கிடைத்த பணம்

இவையெல்லாம் பள்ளிக்கூட விவகாரம் என்று எண்ணுவோருக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைக் கூறுவோம்.

மேய்ன் என்பது அந்நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள மாநிலம். அங்கே வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும். சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உணவுப் பொருளைப் பதப்படுத்துதல், உறையச் செய்தல், சேமித்து வைத்தல் என்று அந்த வேலைகளைச் சட்டம் வரிசையாகக் கூறியது. வரிசையின் கடைசியில், அனுப்புவதற்காகப் பொட்டலமிடுவதையும் விநியோகத்தையும் பற்றிய சொற்கள் வந்தன. அவற்றுக்கு இடையே காற்புள்ளி இல்லை.

ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் மிகைநேரக் கூலி கேட்டனர். "பொட்டலமிடுதல் ஒரு வேலை, விநியோகம் வேறொரு வேலை, நீங்கள் செய்வது விநியோகம், ஆகவே உங்களுக்குக் கூலி இல்லை," என்றது நிறுவனம். "காற்புள்ளி இல்லையே! அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பொட்டலமிடுவது என்ற ஒரே வேலையைத்தான் சட்டம் கூறுகிறது. நாங்கள் பொட்டலமிடுவதில்லை, லாரி ஓட்டுகிறோம்," என்றனர் ஓட்டுநர்கள்.

2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்கள் இருபொருள் தருகின்றன; தொழிலாளரைக் காக்க வந்த சட்டம் ஐயத்துக்கு இடமானால், தொழிலாளர் பக்கமே பொருள்கொள்ள வேண்டும் என்றது. 2018-இல் நிறுவனம் 50 இலட்சம் டாலர் தர இசைந்து வழக்கை முடித்துக்கொண்டது. அதற்குள் மேய்ன் சட்டமன்றம் அந்த வரியைத் திருத்திவிட்டது. எப்படித் தெரியுமா? வேலைகளுக்கிடையே அரைப்புள்ளிகளை இட்டது!

அந்த ஓட்டுநர்களுக்கு வாய்த்தது நற்பேறு. பிறர் விட்ட குறியால் அவர்களுக்கு நன்மை விளைந்தது. நாம் விடும் குறியால் நமக்கு அவ்வாறு நன்மை விளையும் என்று எதிர்பார்க்க இயலாது.

இடைவெளியும் ஒரு குறியே

கண்ணுக்குத் தெரியாத நிறுத்தற்குறி ஒன்றும் உண்டு. அது சொற்களுக்கிடையே விடும் வெற்றிடம். "பலகை வேலைக்கு ஆள் தேவை" என்றால் தச்சர் வருவார். "பல கை வேலைக்கு ஆள் தேவை" என்றால் ஊரே திரண்டு வரும். எழுதும்போது எங்கே சேர்க்க வேண்டும், எங்கே பிரிக்க வேண்டும் என்பதிலும் கண் இருக்கட்டும்.

மலாய்மொழியிலும் இவையே

இக்குறிகளைக் கற்பதால் இன்னொரு பயனும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் மலாய் மொழியில் கோமா, நொக்தா, தண்டா சோவால் என்று கற்பவை வேறல்ல. நம் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் வினாக்குறியுமே அவை. ஆங்கிலத்திலும் வடிவம் அதுவே. ஒருமுறை கற்றால் மூன்று மொழிக்கும் உதவும் பாடம் இது. மாலையில் பிள்ளையின் கட்டுரையை வாங்கி, "இந்தக் குறியை ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை நமக்குச் சொல்லித் தந்தாலும் இழுக்கில்லை. கற்பதற்கு வயது தடையன்று.

முன்னொரு காலத்தில் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரோ கிராணியாரோ எழுதித் தந்தால்தான் கடிதம். இன்று பெரும்பாலோர் தாமே எழுதுகிறோம். கைப்பேசியில் நாளெல்லாம் எழுதுகிறோம். பிறர் எழுதித் தந்த காலத்தில் பிழையும் பிறருடையதாக இருந்தது. நாமே எழுதும் காலத்தில் பிழையும் நம்முடையது. அதைத் திருத்தும் உரிமையும் நம்முடையதே.

பயிற்சி

கீழ்வரும் மூன்றுக்கும் ஏற்ற குறிகளை இட்டுப் பாருங்கள். வீட்டில் உள்ளோரையும் சேர்த்துக்கொண்டு செய்தால் நன்று.

1. அண்ணா பணம் கிடைத்ததா உடனே எழுதவும்

2. தேவையானவை உளி வாளி மங்கு தீட்டுக்கல்

3. நான் நாளை வரமாட்டேன் என்று மண்டோர் சொன்னார் (வராதவர் மண்டோர்)

விடைகள்:

1. அண்ணா, பணம் கிடைத்ததா? உடனே எழுதவும்.

2. தேவையானவை: உளி, வாளி, மங்கு, தீட்டுக்கல்.

3. "நான் நாளை வரமாட்டேன்," என்று மண்டோர் சொன்னார்.

மூன்றாவதில் மேற்கோள்குறியை மறந்தவர்கள் நாளை வழக்கம்போல் பெரட்டுக்குப் போய்விடுவதே நல்லது. வராதவர் யார் என்பதை மண்டோரிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.